குட்டியானைக்குத் தீனி

யானையை வாங்குவது பெரிதன்று, அதைக் கட்டித் தீனி போடுவதே பெரிது என்று நம் பெரியோர் சொல்வதுண்டு. அரண்மனைகளும் கோயில்களும் யானை வளர்த்த காலத்தில் பிறந்த வார்த்தை அது. யானை கட்டும் வசதி நமக்கில்லை. ஆயினும் லேக் கார்டன்ஸில் வசிக்கும் நம் தமிழ்க் குடும்பங்களில் சில, வேறொரு வகை யானையை வாசலில் கட்டித் தீனி போட்டுக்கொண்டிருக்கின்றன. தமிழ்நாட்டில் 'குட்டியானை' என்றும் இவ்வூரில் 'சோட்டா ஹாத்தி' என்றும் செல்லமாக அழைக்கப்படும் சிறு சரக்கு வேனையே குறிப்பிடுகிறோம். டாட்டா நிறுவனத்தார் 2005-ஆம் ஆண்டில் 'ஏஸ்' என்னும் பெயரில் இவ்வகை வண்டியை வெளியிட்டனர். இரண்டு சிலிண்டர் டீசல் என்ஜினும் முக்கால் டன் சுமக்கும் ஆற்றலும் கொண்ட அவ்வண்டி, தலைச்சுமையாகவும் ரிக்ஷாவிலும் சரக்கு ஏற்றி வந்த எத்தனையோ சிறு வியாபாரிகளை வண்டி முதலாளிகளாக்கியது.

'யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன்' என்பது பழமொழி. இக்குட்டியானைக்கு அப்பழமொழி பொருந்தாது. ஓடினால் சோறு; நின்றால் கடன்; மாண்டால் பழைய இரும்பு விலை. ஆகவே சொந்தத் தொழில் செய்வோர் தம் வண்டி முதுமையடையும்போது எவ்வாறு கணக்குப் பார்க்க வேண்டும் என்பதை, நமக்கு நன்கு தெரிந்த ஓர் அன்பரின் அனுபவத்தைக் கொண்டு இங்கே எழுத முற்படுகிறோம். எண்கள் யாவும் அவருடைய நோட்டுப் புத்தகத்திலிருந்து, அவருடைய சம்மதத்துடன் எடுக்கப்பட்டவை. பெயரை மட்டும் வெளியிட வேண்டாமென்று கேட்டுக்கொண்டார்.

அன்பரின் தொழில்

ரவீந்திர சரோவர் ஏரிக்குத் தெற்கே, பஜ்பஜ் ரயில் பாதையின் ஓரமாக உள்ள சந்து ஒன்றில் அன்பர் வசிக்கிறார். வயது ஐம்பத்திரண்டு. மனைவியும் அவரும் ஓர் உதவியாளுமாக இட்லி மாவு அரைக்கின்றனர். விடியற்காலை நான்கரை மணிக்கு வண்டி புறப்படும். லேக் மார்க்கெட், கரியாஹாட், ஜாதவ்பூர், பேஹாலா ஆகிய இடங்களிலுள்ள கடைகளுக்கும் சிற்றுண்டிச் சாலைகளுக்கும் மாவும், வறுத்து அரைத்த காப்பித்தூளும் போய்ச் சேரும். முகூர்த்த காலங்களில் கல்யாணச் சமையலுக்குரிய அண்டா, குண்டான், அடுப்பு முதலியவற்றையும் ஏற்றிச் செல்வார். 2012 ஜனவரியில் புதிதாகப் பதிவு செய்யப்பட்ட வண்டி. ஒரே வண்டி, ஒரே ஓட்டுநர், அவரே முதலாளி, அவரே தொழிலாளி.

2025 ஆகஸ்டு மாதத்தில் ஒரு ஞாயிறு மாலை அவர் நம் இல்லத்திற்கு வந்தார். நம்மைத் 'தம்பி' என்றே அழைப்பார். உட்கார்ந்தவர் காப்பியைக் கையிலெடுக்காமலே சொன்னார்: "தம்பி, என்ஜினைப் பிரிக்க வேண்டுமாம். அறுபதாயிரம் கேட்கிறார்கள். தபாலாபீஸில் பெண்ணின் காலேஜுக்கென்று போட்டு வைத்த பணம் ஒரு லட்சத்துப் பத்தாயிரம் இருக்கிறது. அதிலிருந்து எடுத்தால் ஆறே மாதத்தில் திரும்பப் போட்டுவிடலாமா? நீங்கள்தான் கணக்குத் தெரிந்தவர்."

"அந்தப் பணத்தில் கை வைக்காதீர்கள் என்று வீட்டில் ஒரே பிடிவாதம்" என்றும் சேர்த்துக்கொண்டார். அவருக்குத் தேவைப்பட்டது நம் அபிப்பிராயமன்று, ஓர் எண்ணே என்பது நமக்குப் புரிந்தது. "அண்ணா, நோட்டுப் புத்தகத்தைக் கொண்டு வாருங்கள், உட்கார்ந்து பார்ப்போம்" என்றோம்.

கணக்குப் புத்தகம் சொன்னது

அன்பர் ஒழுங்கானவர். 2024 ஆகஸ்டு முதல் 2025 ஜூலை வரை ஓராண்டுச் செலவு முழுவதும் புத்தகத்தில் இருந்தது. ஆனால் தேதி வாரியாக இருந்ததேயன்றி இனம் வாரியாக இல்லை. நாம் இனம் பிரித்து எழுதினோம்.

வண்டி அவ்வாண்டில் 312 நாள் ஓடியிருந்தது. நாளொன்றுக்குச் சராசரி 40 கிலோமீட்டர். ஒரு லிட்டர் டீசலுக்கு 13 கிலோமீட்டர் வீதம் 960 லிட்டர் செலவாகியிருந்தது. லிட்டர் 92 ரூபாய் வீதம் 88,320 ரூபாய். இதர செலவுகள் வருமாறு:

காப்புறுதி, வரியுடன் — 18,000 ரூபாய்
சாலை வரி, தகுதிச் சான்று, புகைச் சான்று முதலியன — 9,000
என்ஜின் ஆயில், வடிகட்டிகள் — 6,000
டயர் (நான்கு டயர் 14,000, இரண்டாண்டு உழைக்கும்) — ஆண்டுக்கு 7,000
பாட்டரி (4,500, மூன்றாண்டு) — ஆண்டுக்கு 1,500
கிளச், பிரேக் வேலைகள் — 9,000
வில்பட்டை, வெல்டிங், சில்லறை வேலைகள் — 8,000
இரவில் நிறுத்த இடம், மாதம் 600 வீதம் — 7,200

ஆக 65,700 ரூபாய். 312 நாளுக்கு வகுத்தால் நாளொன்றுக்குச் சற்றேறக்குறைய 210 ரூபாய். டீசல் நாளொன்றுக்கு 283. இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 500 ரூபாய்.

அரிசி, உளுந்து, மின்சாரம், உதவியாளின் கூலி ஆகியவை போக அன்பர் கையில் நாளொன்றுக்கு 1,500 ரூபாய் நிற்கும். அதில் டீசலை மட்டும் கழித்துவிட்டு, 'நமக்கு நாள் வருமானம் 1,200' என்று பன்னிரண்டு ஆண்டுகளாக அவர் எண்ணி வந்தார். உண்மையில் அது 1,000 ரூபாயே. மீதி 200 ரூபாய் அவருடையதன்று, வண்டியினுடையது. வண்டி தன் சம்பளத்தை அன்றாடம் கேட்பதில்லை. மூன்று மாதத்திற்கொரு முறை, நான்கு மாதத்திற்கொரு முறை, மொத்தமாகக் கேட்கும். அப்பொழுது வீட்டிலிருந்து எடுத்துக் கொடுக்கும்போது 'வண்டி நம்மைத் தின்கிறது' என்று தோன்றுகிறது. வண்டி நம்மைத் தின்னவில்லை. நாம் அதன் சம்பளத்தை ஏற்கெனவே தின்றுவிட்டோம் என்பதே உண்மை.

காப்புறுதியைப் பற்றி ஒரு வார்த்தை. ஏழரை டன்னுக்கு மேற்படாத வாடகைச் சரக்கு வண்டிகளுக்கு, பிறர்க்கு நேரும் நஷ்டத்திற்கான கட்டாயக் காப்புறுதிக் கட்டணம் 2022 ஜூன் முதல் தேதி நடைமுறைக்கு வந்த பட்டியலில் 16,049 ரூபாய், வரி தனி. முக்கால் டன் சுமக்கும் குட்டியானையும் ஏழரை டன் லாரியும் ஒரே பந்தியில் உட்கார்ந்து ஒரே இலைக்கு விலை கொடுக்கின்றன. வண்டி முதுமையடைந்தாலும் இது குறைவதில்லை.

நின்ற நாளின் விலை

புத்தகத்தில் எழுதப்படாத செலவு ஒன்றிருந்தது. பட்டறையில் வண்டி நின்ற வேலைநாள்கள் எத்தனை என்று கேட்டோம். அன்பரின் மனைவியார் சமையலறைக் காலண்டரைக் கொண்டுவந்து எண்ணிப் பார்த்துப் பத்தொன்பது என்றார். அவற்றுள் பதினொரு நாள் வாடகை வண்டி பிடித்து, நாளுக்கு 1,100 ரூபாய் வீதம் 12,100 ரூபாய் கொடுத்திருக்கிறார்கள். எட்டு நாள் வண்டி கிடைக்காமல் வியாபாரமே இல்லை. அதில் 12,000 ரூபாய் வரவு போயிற்று. அந்நாள்களில் எரியாத டீசலின் விலையைக் கழித்தாலும் 18,700 ரூபாய் நஷ்டம்.

ஆண்டு முழுவதும் கிளச், பிரேக், வில்பட்டை, வெல்டிங் என்று பட்டறைக்குக் கொடுத்தது 17,000 ரூபாய். அதைவிட, வண்டி நின்றதனால் போனது அதிகம்! இந்தப் பதினெட்டாயிரத்திற்கு எந்த மிஸ்திரியும் சீட்டு எழுதித் தரவில்லை. ஆகவே எவர் கண்ணிலும் அது படவில்லை. மாவு வராத கடைக்காரர் மறுநாள் வேறொருவரிடம் வாங்கத் தொடங்கினால், அந்த நஷ்டம் காலண்டரிலும் வராது.

பழைய வண்டி வைத்திருப்போர் 'வேலைக்கு என்ன ஆகும்?' என்று மட்டும் மிஸ்திரியைக் கேட்கின்றனர். 'எத்தனை நாள் நிற்கும்?' என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். கழற்றிய பிறகு சாமான் தேடி மல்லிக் பஜாருக்கு ஓடுவதைவிட, சாமானை வாங்கி வைத்துக்கொண்டு பிறகு கழற்றச் சொல்வது மேல். மாவு வியாபாரத்திற்கு எந்த வாரம் மந்தமோ அந்த வாரத்தை வேலைக்கு ஒதுக்க வேண்டும். வண்டி தானே நிற்கும் நாள் எப்பொழுதும் வியாபாரம் மிகுந்த நாளாகவே இருக்கும்.

பதினைந்தாண்டு எல்லை

இவ்வூரில் முதிய வண்டிக்கு இயற்கையான மரணம் மட்டுமன்றிச் சட்டப்படியான மரணமும் உண்டு. சுற்றுச்சூழல் வழக்கொன்றில் கல்கத்தா உயர்நீதி மன்றத்தார் 2008 ஜூலையில் ஓர் ஆணை பிறப்பித்தனர். 1993-க்கு முன் பதிவான வர்த்தக வண்டிகள் கல்கத்தா பெருநகர எல்லைக்குள் ஓடலாகாது என்பது அதன் சாரம். அது 2009 ஆகஸ்டு முதல் தேதி நடைமுறைக்கு வந்தது. அன்று முதல் பதினைந்தாண்டு என்பது இந்நகரில் வாடகை வண்டிகளின் ஆயுளெல்லையாயிற்று. பின்னர் பஸ்களைப் பற்றி மட்டும் தனி வழக்குகளும் தளர்வுகளும் ஏற்பட்டதுண்டு.

நம்மில் பலர் ஏறி இறங்கிய மஞ்சள் அம்பாசடர் டாக்சிகளின் கதையும் இதுவே. உத்தரபாராவிலிருந்த தொழிற்சாலையில் 2014 மே மாதத்தில் உற்பத்தி நின்றது. புதிது வருவதில்லை, பழையது பதினைந்து நிறைந்ததும் விடைபெறுகிறது. அக்கார்களில் பல இன்னும் ஓடும் நிலையிலேயே ஓய்வு பெற்றன. கல்கத்தாவில் ஒரு வாடகை வண்டியின் மிச்ச ஆயுளை என்ஜின் மட்டும் தீர்மானிப்பதில்லை, பதிவுப் புத்தகத்திலுள்ள தேதியும் தீர்மானிக்கிறது.

மத்திய அரசின் விதிகளும் முதுமையை விலையுயர்ந்ததாக்கியுள்ளன. நம் ஊரில் 'எப்.சி. காட்டுதல்' என்கிறோமே, அந்தத் தகுதிச் சான்று, எட்டாண்டு வரையுள்ள வர்த்தக வண்டிக்கு இரண்டாண்டுக்கொரு முறை, அதன்பின் ஆண்டுதோறும். தேதி தவறினால் நாளொன்றுக்கு 50 ரூபாய் கூடுதல். 2021-இல் வெளியாகி 2022 ஏப்ரல் முதல் தேதி நடைமுறைக்கு வந்த விதிப்படி, பதினைந்தாண்டு கடந்த இலகுரக வர்த்தக வண்டிக்குச் சான்றுக் கட்டணம் 7,500 ரூபாயாயிற்று. 2025 நவம்பரில் வண்டிகளின் வயதை 10 முதல் 15, 15 முதல் 20, 20-க்கு மேல் என்று பிரித்துக் கட்டணங்களை மேலும் உயர்த்தினர். ஆகவே சான்று எடுக்கப் போகுமுன் தம் வண்டியின் வயதுக்குரிய கட்டணத்தையும், எல்லைத் தேதியையும் பெல்தலா அலுவலகத்தில் நேரில் கேட்டு எழுதிக்கொள்ளுதல் நன்று. இடைத்தரகர் வாய்ச்சொல்லை நம்பி என்ஜினுக்குப் பணம் போடலாகாது.

அன்பரின் வண்டிக்குப் பதினைந்து நிறைவது 2027 ஜனவரி. நாம் கணக்குப் பார்த்த அன்று மிச்சமிருந்தது பதினேழு மாதம்.

இரும்புப் பாதை கற்பித்தது

நாம் ரயில்வே குமாஸ்தா. ஆகவே எதைக் கண்டாலும் ரயிலோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வழக்கம் நமக்குண்டு. 1924-இல் ரயில்வேக் கணக்கு பொதுக் கணக்கிலிருந்து பிரிக்கப்பட்டபோது தேய்மான நிதி என்ற ஒன்று ஏற்படுத்தப்பட்டது. ஓடும் வண்டி ஒவ்வொரு மைலிலும் சிறிது தேய்கிறது; அந்தத் தேய்வுக்குரிய பணத்தை வரவிலிருந்து முதலிலேயே எடுத்து வைத்தாலன்றிப் புது வண்டி வாங்கும் நாளில் கை விரிக்க நேரும் என்பதே அதன் தத்துவம். நூறாண்டுக்கு முன் ஏற்பட்ட அவ்வழக்கம், இட்லி மாவு வண்டிக்கும் பொருந்தும்.

இன்னொன்று. சென்னைப் பெரம்பூரில் 1955-இல் தொடங்கிய தொழிற்சாலையில் செய்யப்பட்ட பழைய மாதிரிப் பயணிப் பெட்டிகளுக்கு ஆயுள் இருபத்தைந்தாண்டு என்று வரையறுத்துள்ளனர். ஆயுள் முடிந்த பெட்டிகளில் சிலவற்றை, மோட்டார் கார்களை ஏற்றிச் செல்லும் சரக்குப் பெட்டிகளாக மாற்றி மேலும் சில ஆண்டு உபயோகிக்கின்றனர். முதியவரிடம் இளையவரின் வேலையை வாங்காமல், அவரால் இயலும் வேலையை மட்டும் கொடுக்கின்றனர். இதையும் அன்பர் கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

அறுபதாயிரம் ரூபாய்க் கேள்வி

இனி அறுபதாயிரத்திற்கு வருவோம். மிஸ்திரி சொன்னபடி என்ஜினைப் பிரித்து, சிலிண்டருக்குப் போர் போட்டு, பிஸ்டன், ரிங், பேரிங் மாற்றினால் லிட்டருக்கு 16 கிலோமீட்டர் கிடைக்குமென்றே வைத்துக்கொள்வோம். மாதம் 80 லிட்டர் என்பது 65 லிட்டராகும். 1,380 ரூபாய் மிச்சம். ஆனால் 60,000 ரூபாயைப் பதினேழு மாதத்திற்குப் பங்கிட்டால் மாதம் 3,529 ரூபாய். மிச்சத்தைக் கழித்தபின்னும் மாதம் 2,150 ரூபாய் கைப்பிடிப்பு. அத்துடன் என்ஜின்தான் புதிதாகுமேயன்றி, துருப்பிடித்த அடித்தளமும் தளர்ந்த வில்பட்டையும் பழையனவே. பதினெட்டாம் மாதம் புது என்ஜினோடு வண்டியைப் பழைய இரும்புக்குக் கொடுக்க நேரும். ஆறு மாதத்தில் பெண்ணின் பணத்தைத் திரும்பப் போடுவது என்பது வெறும் ஆசை.

இரண்டாவது வழி: ஆறு வயதுள்ள வேறொரு வண்டி 2,80,000 ரூபாய்க்கு வந்தது. இப்பொழுதே பழையதை விற்றால் 60,000 கிடைக்கும்; மீதி 2,20,000 கடன். மூன்றாண்டில் வட்டியுடன் 2,70,000 ரூபாய். அவ்வண்டிக்கு மிச்ச ஆயுள் ஒன்பதாண்டு, அதாவது 108 மாதம். பங்கிட்டால் மாதம் 2,500 ரூபாயே. பழைய என்ஜினுக்குப் பணம் போடுவதற்கும் இதற்கும் மாதம் 350 ரூபாய்தான் வித்தியாசம்! ஆயினும் தவணை மாதம் 7,500 ரூபாய், முப்பத்தாறு மாதம் தவறாமல் கட்ட வேண்டும். காகிதத்தில் மலிவு, கையில் கனம். மகள் காலேஜில் சேரும் ஆண்டில் அக்கனத்தை ஏற்க அன்பர் துணியவில்லை.

ஒன்று கூறுவோம். 'இவ்வண்டிக்கு இதுவரை எவ்வளவு போட்டிருக்கிறோம், இப்பொழுது விட்டுவிடுவதா?' என்று அன்பர் இரண்டு முறை சொன்னார். போட்டது போயிற்று. இனிப் போடும் ரூபாய்க்கு இனி எத்தனை மாதம் கிடைக்கும் என்பதொன்றே கேள்வி. சோறு போட்ட வண்டியின் மேல் பாசம் இருப்பது நன்றியுள்ள நெஞ்சுக்கு அழகு. ஆனால் அப்பாசம் கணக்கில் வரவாகாது.

புகையின் நிறம்

இதற்கிடையில் நாம் ஒரு யோசனை சொன்னோம். பிரிக்கச் சொன்ன பட்டறையைத் தவிர வேறொரு வயது முதிர்ந்த மிஸ்திரியிடமும் காட்டலாமென்றோம். 1920-ஆம் ஆண்டில் ஒரே ஒரு பஸ்ஸை வைத்துக்கொண்டு பழனிக்கும் பொள்ளாச்சிக்குமிடையே தாமே ஓட்டித் தொழில் தொடங்கிய கோயம்புத்தூர் ஜி. டி. நாயுடு அவர்களுக்கு வண்டியின் உள்ளுறுப்பும் தெரிந்திருந்தது. நமக்கு அவ்வறிவு இல்லையெனினும் கேள்வி கேட்கும் அளவுக்காவது அறிந்திருத்தல் அவசியம்.

முதிய மிஸ்திரி முதலில் என்ஜினைத் தொடவில்லை. புகையைப் பார்த்தார். டீசல் வண்டியில் புகை கருப்பாயிருந்தால் காற்றுப் போதவில்லை அல்லது நாசில் டீசலைச் சரியாகத் தூவவில்லை. நீலமாயிருந்தால் ரிங் தேய்ந்து ஆயில் எரிகிறது. சூடான பின்னும் வெண்புகை நீடித்தால் தண்ணீர் உள்ளே போகிறது அல்லது டீசல் எரியாமல் வெளியேறுகிறது. பிறகு சக்கரங்களைத் தூக்கிக் கையால் சுழற்றினார். பின்சக்கரம் ஒன்று பிரேக் பிடித்தபடியே இருந்தது. கடைசியாகச் சிலிண்டர்களின் அமுக்கத்தைக் கருவி வைத்து அளந்தார். ஒன்று நன்றாயிருந்தது, மற்றொன்று குறைவு.

"என்ஜின் கிழவன்தான். ஆனால் படுத்த படுக்கையில்லை. டீசலைத் தின்பது பாதிக்கு மேல் நாசிலும் பிரேக்கும். அவற்றைச் செய்யுங்கள். ஆயிலை வாரம் ஒரு முறை பாருங்கள். பாரம் ஏற்றாதீர்கள்" என்று வங்காளியில் சொன்னார்.

நாசில், பம்பு சுத்தம், பின்பிரேக், காற்று வடிகட்டி எல்லாம் சேர்ந்து 14,000 ரூபாய் ஆயிற்று. லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கிடைத்தது. மாதம் ஏறத்தாழ 980 ரூபாய் டீசல் மிச்சம். பதினைந்தாம் மாதத்தில் போட்ட பணம் திரும்பிவிடும். பிரேக்கை மட்டும் எக்கணக்கிலும் சேர்க்காதிருப்போமாக. மற்றதை ஒத்திப்போடலாம்; பிரேக், ஸ்டீரிங், டயர் மூன்றையும் ஒரு நாளும் ஒத்திப்போடலாகாது. அதில் மிச்சம் பிடிக்கும் பணம் சாலையில் நடக்கும் பிறருடைய உயிருக்கு எதிராக வாங்கும் கடன்.

ஆனால் இதற்கும் ஒரு விலை இருந்தது. 'பாரம் ஏற்றாதே' என்றால் கல்யாணப் பாத்திரங்களை ஏற்றிக்கொண்டு பராக்பூர் வரை ஓடுவது இல்லையென்றாயிற்று. ஒன்பது ஆண்டாகப் பழகிய சமையல்காரரிடம் அன்பர் நேரில் சென்று சொல்லிவிட்டு வந்தார். முகூர்த்த மாதங்களில் மாதம் 4,000 ரூபாய் வரவு நின்றது. அன்றிரவு அவர் சாப்பிடவில்லையென்று அவர் மனைவியார் பிறகு சொன்னார்.

வெள்ளம் வந்த விடியல்

2025 செப்டம்பர் 23-ஆம் தேதி விடியுமுன் கல்கத்தாவில் பெய்த மழையை எவரும் மறந்திரார். பூஜைக்குச் சில நாளே இருந்தன. இருபத்துநான்கு மணி நேரத்தில் 250 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டித் தெற்குக் கல்கத்தாவின் தெருக்கள் குளங்களாயின. மின்சாரம் தாக்கிப் பலர் மாண்டனர். அன்பரின் வண்டியும் சந்தில் சக்கரம் மறையத் தண்ணீரில் நின்றது. அரைத்த மாவு இரண்டு டிரம் நிறைய இருந்தது.

சாவியைப் போட்டுப் பார்க்கலாமென்று உதவியாள் சொன்னான். அன்பர் வேண்டாமென்று தடுத்தார். என்ஜினுக்குள் தண்ணீர் புகுந்திருந்தால், ஸ்டார்ட் செய்த கணத்திலேயே ராடு வளைந்துவிடும். ஏனெனில் காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. அறுபதாயிரம் ரூபாய் வேலை அந்த ஒரு திருகலில் காத்திருந்தது. பாட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டார். மாவு புளித்து வீணாயிற்று. நீர் வடிந்தபின் வண்டியைத் தள்ளிச் சென்று வடிகட்டியைத் திறந்து பார்த்து, ஆயில்களை மாற்றி, பிரேக்கைக் கழுவி, நான்காம் நாள் ஓட்டினார். 4,500 ரூபாய் செலவு, நான்கு நாள் வியாபாரம் போயிற்று. என்ஜின் பிழைத்தது.

இரண்டு தகர டப்பாக்கள்

இப்பொழுது அன்பர் வீட்டுப் பூஜை அலமாரியின் கீழ்த்தட்டில் இரண்டு பிஸ்கட் டப்பாக்கள் இருக்கின்றன. வண்டி ஓடிய ஒவ்வொரு நாள் மாலையும், வீட்டுச் செலவுக்கு ஒரு காசு எடுக்குமுன், முதல் டப்பாவில் 210 ரூபாய் விழுகிறது. அது இன்றைய வண்டியின் சம்பளம். இரண்டாவதில் 150 ரூபாய். அது வரப்போகும் வண்டியின் விதைநெல். பதினேழு மாதத்தில் அவ்விரண்டாவது டப்பா 66,000 ரூபாயைத் தாண்டும். அந்த அளவுக்குக் கடனும் தவணையும் குறையும். வீட்டுக்குக் கிடைப்பது நாளொன்றுக்கு 850 ரூபாய்தான். சிரமமே. ஆனால் இப்பொழுது அந்தச் சிரமம் அவர்களுக்குத் தெரிந்த சிரமம். மகளின் பணம் தபாலாபீஸில் அப்படியே இருக்கிறது.

வண்டியின் தவணை முடியும் நாளிலும் ஒரு விஷயத்தில் எச்சரிக்கை தேவை. சந்தில் வரும் பழைய இரும்பு வியாபாரிக்குக் கொடுத்துவிட்டுப் பதிவை ரத்து செய்யாதிருந்தால், அவ்வண்டி எங்கே ஓடி என்ன செய்தாலும் பொறுப்பு பதிவுப் புத்தகத்திலுள்ள பெயருக்கே வரும். அரசு அங்கீகாரம் பெற்ற உடைப்பு நிலையத்தில் ஒப்படைத்தால் ஒப்படைப்புச் சான்று தருவர். அதைக் காட்டினால் புது வண்டிக்குப் பதிவுக் கட்டண விலக்கு உண்டு. வர்த்தக வண்டியாயின் சாலை வரியில் 15 சதவிகிதம் வரை சலுகை அளிக்க மாநிலங்களுக்கு 2021-ஆம் ஆண்டு விதி இடந்தருகிறது.

நம் சங்கத்தார்க்கு ஒரு விண்ணப்பம்

லேக் கார்டன்ஸிலும் சுற்றுப்புறத்திலும் மாவு, பூ, காப்பித்தூள், சமையல் என்று சொந்த வண்டி வைத்துத் தொழில் செய்யும் தமிழன்பர்கள் சிலர் இருக்கின்றனர். ஒருவர் வண்டி நிற்கும் நாளில் மற்றவர் வண்டி மத்தியானம் சும்மா நிற்கிறது. ஆயினும் நாமோ அறியாத ஆளிடம் 1,100 ரூபாய் வாடகை கொடுக்கிறோம். சங்க அலுவலகத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்து, வண்டியுடைய அன்பர்கள் தம் பெயரையும் ஓய்ந்திருக்கும் நேரத்தையும் எழுதி வைத்தால், டீசல் செலவும் ஒரு சிறு கூலியும் கொடுத்து ஒருவர்க்கொருவர் உதவிக்கொள்ளலாம். நம்பத்தக்க மிஸ்திரிகளின் பெயர்களும் அதிலேயே இருக்கட்டும். இதற்குப் பெரும் பொருள் வேண்டியதில்லை. ஒரு நோட்டுப் புத்தகமும் நூலில் கட்டிய ஒரு பேனாவும் போதும். அன்பர் தம் பெயரை முதலில் எழுத ஒப்புக்கொண்டுள்ளார்.

பிழைப்புத் தேடி வந்த ஊரில் சொந்தத் தொழில் செய்வோர்க்கு மாதச் சம்பளமில்லை, பென்ஷனில்லை. வண்டி ஒன்றே துணை. அத்துணைக்குரிய தீனியை அன்றாடம் முதலில் எடுத்து வைத்துவிட்டு மிஞ்சுவதை நம் வருமானமென்று சொல்லப் பழகுவோம். அன்பரின் குட்டியானை இன்னும் விடியற்காலை நான்கரை மணிக்குப் புறப்படுகிறது. அதன் சத்தம் கேட்டே நம் சந்தில் சிலர் எழுகின்றனர்.